மிட்டாய் சார் இனிப்பை விட்ட வருஷம்

டிரைவிங் ஸ்கூலில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மிட்டாய் சார் என்றால்தான் தெரியும். கியருக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில் வைப்பதற்கென்று இருக்கும் குழியில், ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மிட்டாய் வைத்திருப்பார். மேட்டில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்பிவிட்டால் ஒரு மிட்டாய். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ரிவர்ஸில் போட்டு நிறுத்திவிட்டால் இரண்டு. கொடுக்கும்போது தானும் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொள்வார்.

"ஓட்டினது நீங்க, பயந்தது நான். ரெண்டு பேருக்கும் கூலி வேணும்ல?"

பல வருஷமாக இதே ஜோக்தான். கேட்கிற ஆள் மாறிக்கொண்டே இருந்ததால் அது பழசாகவில்லை.

ஆள் மாறுவதுதான் அந்த வேலையின் சுபாவம். ஒரு மாதம், ஒன்றரை மாதம், தினமும் காலையில் ஒருவர் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். சிக்னலில் நிற்கும்போது மாமியாரைப் பற்றிச் சொல்வார், மேனேஜரைப் பற்றிச் சொல்வார், தட்டிப்போன கல்யாணத்தைப் பற்றிக்கூடச் சொல்வார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவதால் மனிதர்களுக்குக் கூச்சம் குறைந்துவிடுகிறது. பிறகு டெஸ்ட் பாஸ் ஆகும். ஸ்வீட் பாக்ஸோ கேக்கோ வாங்கி வந்து, "உங்களை மறக்கவே மாட்டேன் சார்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். மறுநாள் அதே சீட்டில் வேறு ஒருவர் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருப்பார்.

அந்த ஸ்வீட் பாக்ஸ்கள் மிட்டாய் சாரின் வீட்டுக்குப் போயின. வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய சமையலறை. இன்னொருவர் இப்போது இல்லாததால் சமையலறை விசாலமாகிவிட்டது. மாலையில் வந்ததும் டிவியைப் போட்டு, சோபாவில் உட்கார்ந்து, மடியில் பாக்ஸைத் திறப்பார். பாக்ஸ் இல்லாத நாட்களில் ஜாம் தடவிய பிரெட், கிரீம் பிஸ்கட், பாட்டில் ஜூஸ். "சாப்டாச்சா" என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில் சாப்பாடு என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. வாயில் ஏதோ போய்க்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மனைவி நான்கு வருஷத்துக்கு முன், தன் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று போனாள். அக்கா வீடு அதே ஊரின் மறுகோடியில் இருந்தது. அக்கா எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் போன் செய்து, "நான் இங்கேயே இருந்துக்கறேன்" என்றாள். அவர் "சரி" என்றார். சண்டை கிடையாது. நடுவில் நின்று பேசப் பிள்ளைகளும் கிடையாது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா" என்று விசாரித்துக்கொண்டார்கள். அதோடு சரி.

*

வண்டி ஓட்டச் சொல்லித்தருபவர்களுக்குக் கண் பரிசோதனை கட்டாயம். எப்போதும் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுகிற மிட்டாய் சார், அந்த வருஷம் பாதியிலேயே திணறினார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தது வேறொரு டாக்டர். சின்ன வயசு, வேகமான பேச்சு.

"மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரையை மட்டும் நம்பிட்டு இருக்காதீங்க. சர்க்கரைய அடியோட நிறுத்தணும். டீல போடறது மட்டும் இல்ல. பாக்கெட்ல வர்றது, பாட்டில்ல வர்றது எல்லாத்தையும் பின்பக்கம் திருப்பிப் படிங்க. கண்ணு இதுக்கு மேல கெட்டுதுன்னா ஓட்டறதை விடுங்க, பக்கத்துல உக்காரக்கூட உங்களை விட மாட்டாங்க."

"சரிங்க டாக்டர்."

"வீட்ல சமைக்கறது யாரு? அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டதான் விவரமா சொல்லணும்."

"அவங்க... அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

"வந்துடுவாங்க" என்றார் மிட்டாய் சார்.

படியில் இறங்கும்போது, டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் கூடவே இறங்கி வந்தது. பக்கத்துல உக்காரக்கூட விட மாட்டாங்க. பக்கத்து சீட் போய்விட்டால் காலையிலிருந்து மாலைவரை அந்த இரண்டாவது மாடியில்தான் இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பினார். பிஸ்கட்டில் சர்க்கரை இருந்தது, அது நியாயம். தக்காளி சாஸில் இருந்தது. சூப் பவுடரில் இருந்தது. உடம்புக்கு நல்லது என்று பச்சை இலை படம் போட்ட ஓட்ஸிலும் இருந்தது. சில இடங்களில் சிரப் என்றும் மால்ட் என்றும் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்தது. பிரவுன் பிரெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கடைப் பெண் பக்கத்தில் வந்தாள்.

"சார், தேதி மேல இருக்கு. இன்னும் கெட்டுப்போகல."

"பிரெட்டு கெடலம்மா" என்றார். "நான்தான் கெட்டுப்போயிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனாள். முட்டை, காய்கறி, பால், கொஞ்சம் வேர்க்கடலை என்று அவர் வாங்கிய பையைப் பார்த்தபோது, வேறு யாருடைய பையையோ தவறுதலாக எடுத்துவந்தது போலிருந்தது.

வீட்டில் இருந்த ஜாமையும் பிஸ்கட்டையும் ஜூஸையும் ஒரு பையில் கட்டிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார். கீழ்வீட்டுக்காரர் சந்தேகமாகப் பார்த்து, "ஊரை விட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

முதல் நாட்கள் மோசமாக இருந்தன. நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ விரலை வைத்து அழுத்துவது போல ஒரு தலைவலி. உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸை மென்றபோது ஈரக் கயிற்றை மெல்வது போலிருந்தது. உப்பு போட மறந்தது அவர்தான், அதனால் யார்மேலும் கோபப்படவும் முடியவில்லை. இதையெல்லாம்விட மோசம், மாலை நேரம். பாக்ஸ் திறந்திருந்த காலத்தில் ஆறு மணிக்கும் படுக்கைக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதது மாதிரி நேரம் வழுக்கிப் போய்விடும். இப்போது அது ஹால் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. பீன்ஸைத் தின்று தட்டைக் கழுவிக் கவிழ்த்தாலும் வெளியே வெளிச்சம் மிச்சம் இருந்தது. டிவியில் யாரோ யாரிடமோ பேசினார்கள். அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார். போனை எடுத்துப் பார்த்தார். கூப்பிடலாம் என்று தோன்றுகிற பெயர்கள் அதில் இல்லை. பழைய மாணவர்களின் நம்பர்கள் வரிசையாக இருந்தன. எல்லோரும் லைசென்ஸ் வாங்கியவர்கள்.

*

காரிலிருந்து டப்பா போனதும் எல்லோரும் கேட்டார்கள். "டாக்டர் பிடுங்கிட்டாரு" என்று சிரித்துச் சமாளித்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. ஒரு நாள், கற்றுக்கொள்ள வந்த காலேஜ் பெண் ஒருத்தி சிக்னலில் மூன்றாவது முறையாக வண்டியை அணைத்துவிட்டாள். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"கிளச்சுன்னா என்னன்னு தெரியுமா தெரியாதா?" என்று கத்திவிட்டார். "காலு இருக்கா, இல்ல அதுவும் வீட்லயே வெச்சிட்டு வந்தியா?"

அந்தப் பெண் ஹேண்ட் பிரேக்கை ஒழுங்காக இழுத்து, கண்ணாடியைப் பார்த்து, கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடைபாதையில் போய்விட்டாள். இறங்கும்போது எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லித்தந்தாரோ அத்தனையையும் செய்துவிட்டுத்தான் போனாள். நடுரோட்டில், காலியான டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூலை நடத்திய ஓனரம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், நீங்க இனிப்பை விட்டீங்க, சரி. நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

"தப்புதாம்மா. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுடறேன்."

"கேட்டாச்சு, நானே கேட்டுட்டேன். அவ இனிமே இன்னொரு சார்கிட்ட வருவா. இன்னும் நாலஞ்சு பேரும் மாத்திக்கேட்டிருக்காங்க." ஓனரம்மா பேனாவை மூடினார். குரலும் கொஞ்சம் தணிந்தது. "உங்களுக்கு ஒருத்தங்களைத் தர்றேன். ரெண்டு தடவை ஃபெயில். இங்க யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. ஏன்னு நீங்களே பார்த்துப்பீங்க."

அப்படித்தான் கணக்கு டீச்சர் வந்தார். ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்சகாலமே இருந்த அம்மா. ஒல்லியான உடம்பு, தோளில் பெரிய பை. கூடவே ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். உயரமான மனிதர், சட்டையின் எல்லாப் பட்டனும் கழுத்துவரை போட்டிருந்தது.

"என் வீட்டுக்காரர்" என்றார் டீச்சர். "இவரைத் தனியா விட்டுட்டு வர முடியாது. பின்னாடி உக்காந்துப்பாரு. தொந்தரவு பண்ண மாட்டாரு, பேசுவாரு, அவ்வளவுதான். மறதி வந்திடுச்சு சார். கார் நின்னே கெடக்கு. ஆஸ்பத்திரிக்கு இவரை பஸ்ல ஏத்தி எறக்க என்னால முடியல."

யாரும் ஏன் எடுக்கவில்லை என்பது முதல் நாளிலேயே புரிந்தது. டீச்சர் எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டார். நாய்க்குப் போட்டார், காற்றில் பறந்த காகிதத்துக்குப் போட்டார், எதிர்ப்பக்கம் நின்ற வண்டி தும்மியதற்கும் போட்டார். பின்சீட்டிலிருந்து கணவர் ஓயாமல் பேசினார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது.

"கியரை மாத்தச் சொல்லுப்பா. வண்டி அழுவுது பாரு."

"மாத்துங்க டீச்சர்" என்றார் மிட்டாய் சார். "ஐயா சொல்றது கரெக்ட்."

கொஞ்ச தூரம் போனதும் பின்சீட்டுக்காரர் குனிந்து அவர் காதருகே கேட்டார். "இந்தம்மா யாரு? நல்லாப் பொறுமையா ஓட்டறாங்களே."

டீச்சரின் கைகள் ஸ்டீயரிங்கில் அப்படியே இருந்தன.

"பொறுமைன்னு இன்னிக்குத்தான் சொல்றாரு" என்றார் டீச்சர், ரோட்டைப் பார்த்தபடி. "இத்தனை வருஷமா ஆமைன்னுதான் சொன்னாரு."

யாரோ அவரை "மிட்டாய் சார்" என்று கூப்பிட்டது பின்சீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் ஒருமுறை, இரண்டு சீட்டுக்கும் நடுவே அவருடைய பெரிய உள்ளங்கை நீளும். "மிட்டாய்?" என்பார். "தீர்ந்துபோச்சுங்க ஐயா" என்பார் மிட்டாய் சார். "பரவால்ல, நாளைக்கு" என்று கை பின்னால் போகும். மறுநாள் மறுபடியும் நீளும். நேற்றைய ஏமாற்றத்தின் சுவடே அதில் இருக்காது.

டீச்சரிடம் கேட்டுவிட்டு, ஒரு நாள் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். நீண்ட கையில் ஒன்றை வைத்தார். பெரியவர் அதை உரிக்கத் தெரியாமல் திணறி, காகிதத்தோடு வாயில் வைக்கப் போனார். டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்னால் திரும்பி, உரித்துக் கொடுத்தார். அன்று முதல் தடவையாக அவர் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, பிசகில்லாமல் ஓரம் கட்டியிருந்தார். மிட்டாய் சார் மட்டும் அதைக் கவனித்தார்.

மிச்சப் பாக்கெட் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மாலையில் ஸ்கூல் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றை உரித்தார். இத்தனை நாள் கழித்து அது நாக்கில் பட்டதும் தாடை கூசியது. முன்பு தெரியாத ஒரு சாயத்தின் வாடையும் அடித்தது. பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே அடுத்ததை உரித்தார். பாக்கெட் காலியாகும்வரை கை நிற்கவில்லை. பிறகு மடியில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தான் அழுதுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. எதற்கென்று அவரால் சொல்ல முடியவில்லை. கேட்கவும் யாரும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவியை ஆபீசில் மாட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.

*

டீச்சர் ஓட்டும்போது பேசுவார். அதுவும் பின்சீட்டைப் பார்த்துத்தான். இன்று எட்டாம் வகுப்பில் ஒரு பையன் பின்னக் கணக்கை எப்படித் தலைகீழாகப் போட்டான், குழாய்க்காரர் வருவதாகச் சொல்லி வரவில்லை, பக்கத்து வீட்டுப் பூனை நம் வீட்டு மாடிப்படியில் குட்டி போட்டிருக்கிறது. பின்சீட்டிலிருந்து சில சமயம் "ம்" வரும், பெரும்பாலும் வராது.

ஒரு நாள், பெரியவர் தூங்கிவிட்டிருந்தார். அப்போதும் டீச்சர் பூனைக்குட்டிகள் கண் திறந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க" என்றார் மிட்டாய் சார். "அவருக்குப் புரியுதா?"

"தெரியல சார்."

"அப்புறம் ஏன்..."

"சொல்லிப் பழக்கம். அவரும் அப்படித்தான் இருந்தாரு. ஆபீஸ்ல பியூன் தடுக்கி விழுந்ததுவரைக்கும் வந்து சொல்லுவாரு. யாருக்கு வேணும் அது? ஆனா சொல்லுவாரு. கல்யாணம்னா அதுதான்னு நெனைச்சிட்டு இருந்துட்டேன்." சிரித்தார். அப்படிச் சிரித்ததில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் விட்டார். மூன்று பேரும் கூரையில் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். பெரியவர் விழித்துக்கொண்டு, "யாருப்பா டிரைவர்?" என்று அதட்டினார்.

அன்று மாலை சமையலறையில் நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார் மிட்டாய் சார். ஒரு துண்டைச் சும்மா வாயில் போட்டார். மென்றார். நின்றார். இன்னொரு துண்டைப் போட்டார். கேரட் இனித்தது. சர்க்கரை போட்ட மாதிரி இல்லை, உள்ளேயிருந்து மெதுவாக வந்தது. இத்தனை நாள் அதே கடையில்தான் அதே கேரட்டை வாங்கினார். ஒருவேளை சென்ற வாரமே இனித்திருக்கும், இன்றுதான் நாக்குக்குத் தெரிந்தது.

"இங்க பாரேன்" என்று திரும்பினார்.

வாய்விட்டே சொல்லிவிட்டார். சமையலறை வாசலில் யாரும் இல்லை. அவள் போய் நான்கு வருஷத்தில் இப்படி ஒரு நாளும் திரும்பியதில்லை. அவள் இருந்தபோதுதான் திரும்பியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பஸ் மாறிப் போனார். சொல்லிக்கொள்ளாமல்தான் போனார். கதவைத் திறந்த மனைவியின் அக்கா ஒரு நொடி யாரென்று தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

"தம்பியா? என்ன இப்படி இளைச்சிட்டீங்க? உள்ள வாங்க." பிறகு உள்பக்கம் குரல் கொடுத்தார். "யார் வந்திருக்கான்னு வந்து பாரு."

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். அவள் கண்ணாடி போடத் தொடங்கியதே அவருக்குத் தெரியாது.

"ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?"

அக்கா, காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டார். மனைவி டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். எப்படிப் போட வேண்டும் என்று கேட்கவில்லை. சர்க்கரையை முழுக்கக் கலக்காமல் அடியில் கொஞ்சம் தங்கவிடுவாள். கடைசி வாய் பாகு மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. டம்ளருக்குள் ஸ்பூன் சரிந்து நின்றிருந்த விதத்திலேயே, இன்றும் அப்படித்தான் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒரு டம்ளரில் கண் போய்விடாது.

"ஆறிப்போகுது" என்றாள்.

"நான் சர்க்கரைய விட்டுட்டேன்."

"நீங்களா?" சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எப்ப?"

"ஆச்சு, எட்டு மாசம் இருக்கும்."

"எதுக்கு?"

சொன்னார். கண் பரிசோதனையில் பாதியில் நின்றது, ரத்த ரிப்போர்ட், டாக்டர் மிரட்டியது, காலேஜ் பெண் இறங்கிப் போனது. துண்டு துண்டாகத்தான் வந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"எட்டு மாசமா இதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ இங்க இருக்க. உனக்கு எதுக்குன்னு..."

"அங்க இருந்தப்ப மட்டும் சொன்னீங்களா?" குரல் உயரவில்லை. "வண்டி இடிச்சு கையில கட்டோட வந்தீங்க ஒரு தடவை. கேட்டா ஒண்ணும் இல்லைன்னீங்க. கீழ்வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நாளெல்லாம் கார்ல முன்னப்பின்ன தெரியாதவங்ககூட எல்லாம் பேசறீங்க. வீட்டுக்கு வந்தா வாயில எதையாவது போட்டுட்டு டிவிய பாக்கறீங்க. நான் அதே சோபாவுலதான் உக்காந்திருப்பேன்."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு போன்ல, இங்கேயே இருந்துக்கறேன்னு சொன்னேன். ஏன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க வெச்சுட்டீங்க. நான் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் காதுலயே வெச்சிருந்தேன்."

இந்த மாதிரி நேரங்களில் அவருடைய கை டப்பாவைத் தேடிப் போகும். இப்போது போக இடமில்லை.

"ஏன்?" என்றார்.

"இப்பவா கேக்கறீங்க?"

"இப்பதான் கேக்கத் தெரியுது."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். பிறகு எழுந்து, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சர்க்கரை இல்லாத டீ ஒன்று வந்தது. முதலில் போட்டதை அவள் தானே குடித்தாள்.

"கேரட் இனிக்குது" என்றார் அவர்.

"என்ன?"

"பச்சையா தின்னா கேரட் இனிக்குது. நெஜமாவே. பால்கூட."

"அது எப்பவும் இனிக்கும்" என்றாள். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

அவள் காலையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறாள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பயந்த முகத்தோடு வருவார்களாம், போகும்போது வாய் கோணிக்கொண்டு பேச முடியாமல் தலையாட்டுவார்களாம். அதைச் சொல்லும்போது அவள் வாயைக் கோணிக் காட்டினாள். அவள் இப்படியெல்லாம் செய்து காட்டுவாள் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு தலை நிமிராமல் கேட்டார். "வீட்டுக்கு வர்றியா?"

"இல்லங்க."

உடனே சொல்லிவிட்டாள். அதில் கோபம் இல்லை, அதனால்தான் அது கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"இங்க வேலை இருக்கு. அக்கா இருக்கா. காலைல எழுந்தா எனக்கு நல்லா இருக்கு." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போன் பண்ணுங்க. ஆனா நல்லா இருக்கியான்னு கேக்காதீங்க. அதுக்கு என்கிட்ட ஒரே பதில்தான் இருக்கு. வேற ஏதாவது சொல்லுங்க."

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஆள் வழியெல்லாம் அவர் தோளில் சாய்ந்து தூங்கினார். மிட்டாய் சார் அவரை எழுப்பவில்லை. தன்னுடைய நிறுத்தம் வந்தபோதும், அந்தத் தலையை மெல்ல நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

*

டீச்சர் அடுத்த தடவையும் ஃபெயில் ஆனார். அதற்கடுத்த தடவை பாஸ் ஆனார். டெஸ்ட் எடுத்த அதிகாரி, "இவ்வளவு மெதுவா ஓட்டினா யாரையும் இடிக்க முடியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். மறுநாள் கணவரோடு வந்தார். கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

"ஐயோ சார், பழக்க தோஷம். யோசிக்காம வாங்கிட்டேன். அதுவும் வர்ற வழியில இவரு பாதியைக் காலி பண்ணிட்டாரு."

பெரியவரின் சட்டையெல்லாம் தூள். திருப்தியாக நின்றுகொண்டிருந்தார். மிட்டாய் சார் மனம்விட்டுச் சிரித்து, பாக்ஸை வாங்கி, ஓனரம்மாவின் மேஜையில் வைத்தார். "உங்களை மறக்கவே மாட்டேன்" என்று டீச்சர் சொல்லவில்லை. மறப்பதைப் பற்றி அவர் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "வர்றோம் சார்" என்றார், கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரி ரோட்டில் அவர்களைப் பார்த்தார். டீச்சர் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், முதுகு நிமிர்ந்து, பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தார். வாய் அசைந்துகொண்டிருந்தது. மிட்டாய் சார் கையை உயர்த்தினார். டீச்சர் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ரோட்டை மட்டும்தான், அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த பரிசோதனையில் கண் அதே இடத்தில் நின்றிருந்தது. மோசமாகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. "வீட்ல அவங்க நல்லாக் கவனிச்சிருக்காங்க" என்றார் டாக்டர். மிட்டாய் சார் திருத்தினார். "நான்தாங்க சமைக்கிறேன். நான் மட்டும்தான் இருக்கேன்." டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மாத்திரையைக் குறைத்து எழுதினார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்லத்தான் அன்று பயந்தோமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார்.

வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள், மனைவிக்குப் போன் செய்வார். சில தடவை அவள் எடுப்பதில்லை. எடுத்தால் அவர் முதலிலேயே யோசித்து வைத்த ஒன்றைச் சொல்வார். பாஸ் ஆன டீச்சரைப் பற்றிச் சொன்ன நாளில், "எந்த டீச்சர்?" என்று கேட்டாள். நாயிலிருந்தும் காகிதத்திலிருந்தும் தொடங்க வேண்டியிருந்தது. பெரியவர் "இந்தம்மா யாரு" என்று கேட்ட இடம் வந்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "இருக்கியா?" என்றார். "இருக்கேன், சொல்லுங்க" என்றாள்.

டெஸ்ட் அதிகாரி சொன்னதைச் சொன்னார். பாதி காலியான பாக்ஸைச் சொன்னார். அவள் சிரித்தாள். முடிந்தது.

"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் ஒன்றும் இல்லை. யோசித்து வைத்திருந்தது அவ்வளவுதான். வழக்கமாக இந்த இடத்தில் "வெச்சிடட்டுமா" என்பார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். சோபா, டிவி, கவிழ்த்த தட்டு. ஜன்னல் பக்கம் போனார். எதிர்மாடியில் ஒரு ஆள் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி அதைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

"எதிர் வீட்ல தொட்டி கழுவறாங்க" என்றார்.

"யாரு, அந்த மீசைக்காரரா?"

"மீசை இருக்கான்னு தெரியல. இரு, தலைய தூக்கட்டும், பாத்துச் சொல்றேன்."